எப்போதும் மேலேயிருந்து வரும் லிஃப்ட்

அத்தியாயம் 3

மாப்பிள்ளை ஆறு மணிக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். அடுப்பை அணைத்தான். குனிந்து சிலிண்டரின் குமிழையும் திருகினான்.

"மூடியாச்சா மாப்பிள்ளை?" என்று கூடத்திலிருந்து மாமனார் கேட்டார்.

"மூடியாச்சு மாமா."

தினமும் அதே கேள்வி, அதே பதில். காபி குடித்தார்கள். தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். அவன் இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டான். மாமனார் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்தார். முடிவு தெரிந்துவிட்டால் ஆரம்பத்தைப் பற்றிக் கவலை இல்லை என்பது அவர் கட்சி. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

மாப்பிள்ளை என்பது அவன் பெயர் இல்லை. மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தொழில் செய்யும் இடங்களிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. 'துப்பறியும் மாப்பிள்ளை' என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போன பிறகு மருமகனோடேயே தங்கிவிட்டார். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் அக்கம்பக்கத்தில் இன்னும் ஒரு தீர்ப்பு வரவில்லை. உதவியாளர் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவும் இல்லை. ஒரு நாள் கூடவே வந்தார். ஏறி நின்றாகிவிட்டது, அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட முடியாது என்றார். அத்தோடு சரி.

முந்தின நாள் ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம், கணக்குப் பாடம். அப்பா இல்லை. அம்மா ஒரு பன்னிரண்டு தளக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். போன மாதம் அதே மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து, லிஃப்ட் இல்லாத வெறும் குழியில் விழுந்து செத்துப்போனாள். போலீஸ் தற்கொலை என்று எழுதி முடித்துவிட்டது.

எழுதக் காரணம் இருந்தது. ஒன்றரை வருஷமாக அந்த அம்மாவுக்கு ஒரே பேச்சு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பி லிஃப்ட் பொத்தானை அழுத்தினால், லிஃப்ட் எப்போதும் மேலேயிருந்துதான் வருகிறது. தான் கிளம்புவதை மேலே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் சொன்னாள், கட்டடக் கமிட்டியில் சொன்னாள், காய்ச்சலுக்குப் போன டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் காய்ச்சலோடு மனசுக்கும் சேர்த்து மாத்திரை எழுதினார்.

விழுவதற்கு முன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, போலீஸிடம் சொன்னதையே மகள் அவனிடமும் சொன்னாள். வழக்கம்போல லிஃப்ட் பற்றித்தான்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா தவறி விழுந்தாங்களா, இல்ல என்னை விட்டுட்டுப் போனாங்களா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும் சார்."

மாமனார் வாய்வரை வந்த எதையோ விழுங்கிக்கொண்டார். அவர் அப்படி விழுங்குவது அபூர்வம்.

*

கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. கீழ்த்தளத்தில் நகைக்கடன் கடை. அதை ஒட்டி லிஃப்ட். கையால் இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவு, கதவின் நடுவே கையகலத்துக்கு நீளவாக்கில் ஒரு கண்ணாடி. எந்த மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று காட்டும் விளக்குகள் எப்போதோ செத்துவிட்டன. அதனால் அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்ச்மேன் நின்று காட்டினான். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் மேல் விளிம்பிலிருந்து இறங்கினால் லிஃப்ட் மேலேயிருந்து வருகிறது. கீழ் விளிம்பிலிருந்து ஏறினால் கீழேயிருந்து. கண்ணாடி முழுக்க வெளிச்சம் நிறைந்ததும் கதவை இழுக்க வேண்டியதுதான்.

"லிஃப்ட் வராமலே இழுத்தா திறக்காதே?" என்று மாமனார் கேட்டார்.

மற்ற மாடிகளில் திறக்காது, இரண்டாம் மாடியில் திறக்கும் என்றான் வாட்ச்மேன். பல் செட் கூடத்துக்கு வரும், அச்சு வார்க்கும் மாவு மூட்டைகள் இடித்து இடித்து அந்தப் பூட்டு பல்லிளித்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும். கமிட்டிக்கும் தெரியும். இப்போது குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள்.

அன்றைய கதையை வாட்ச்மேன் தன் முழங்காலின் கதையாகச் சொன்னான். வண்டிகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. ஓடி வருவதற்குள் பல் செட் கூடத்து ஃபோர்மேன் கீழ்க்கதவைத் திறந்து, காப்பாற்றக் குழிக்குள்ளேயே இறங்கி நின்றிருந்தார். லிஃப்ட் கதவுகளுக்கான முக்கோணச் சாவி ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று ஃபோர்மேனிடம். மூட்டை வரும் நாளில் அவருக்குத் தேவைப்படும். பாவம், தங்கமான மனுஷன். ஆனால் லிஃப்டை நகர்த்தப் பதினோரு மாடி ஏறியது வாட்ச்மேன்தான். மதியமே எவனோ மேலே காலி மாடியில் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறான். எந்த மாடியில் கதவு திறந்திருந்தாலும் இந்த லிஃப்ட் அசையாது.

"அன்னைக்கு ஏறினது சார். இன்னும் மாடிப்படியைப் பார்த்தாலே முட்டி அழுவுது."

மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டானே தவிர, கவனிக்கவில்லை. அவன் மனசில் ஏற்கெனவே வேறொரு விடை உட்கார்ந்திருந்தது.

*

பல் செட் கூடத்தில் எல்லாவற்றின் மேலும் மாவு படிந்திருந்தது. அலமாரி நிறையத் தாடை அச்சுகள், மேல்வாயும் கீழ்வாயுமாக. ஒரு மூலையில் மெழுகு உருகும் வாசனை. ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னே, விசிறி போலக் கோத்த மாதிரிப் பற்கள், வெள்ளையிலிருந்து பழுப்பு வரை.

"இத்தனை வாய் இருக்கு, ஒண்ணும் பேச மாட்டேங்குது. இந்த மாதிரி பாசஞ்சர் எனக்கு முப்பது வருஷத்துல ஒருத்தன் கிடைக்கல" என்றார் மாமனார்.

செத்தவளை அங்கே நிறக்காரம்மா என்பார்கள். நோயாளியின் மிச்சப் பல்லோடு புதுப் பல்லின் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது அவள் வேலை. மாமனார் விசிறியை எடுத்துப் பிரித்தார். எந்தப் பல்லுக்கும் அதன் பக்கத்துப் பல்லுக்கும் அவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதல் பல்லுக்கும் கடைசிப் பல்லுக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. நடுவில் எங்கே மாறியது என்று தேடி, தோற்று, மடித்து வைத்தார்.

ஃபோர்மேன் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். ஐம்பது வயது, மெதுவான குரல். போலீஸிடம் சொன்னதையே அலுக்காமல் திரும்பச் சொன்னார். அன்று அவர் படியில் இறங்கப் போனபோது நிறக்காரம்மா லிஃப்டுக்காகக் கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தாள்.

"'மறுபடியும் மேலேயிருந்துதான் வருது, இனிமே என்னால முடியாது'ன்னாங்க சார். அதான் கடைசியா பேசினது. நான் தெருவுக்குப் போறதுக்குள்ள சத்தம். திரும்பி ஓடி வந்தேன்."

மாப்பிள்ளை ஒரு காகிதம் கேட்டு வாங்கினான். பன்னிரண்டு கோடு போட்டான். கீழ்த்தளமும் பதினோரு மாடியும். இரண்டாம் மாடிக்கு ஒரு புள்ளி வைத்தான்.

"இங்க நிக்கிறாங்க. இவங்களுக்கு மேல ஒன்பது மாடி. கீழ ரெண்டே ரெண்டு தளம். பொத்தானை அழுத்தும்போது லிஃப்ட் எங்கேயோ ஒரு இடத்துல இருக்கும். ஒன்பது இடத்துல இருக்க வாய்ப்பு அதிகமா, ரெண்டு இடத்துலயா?"

யாரும் பின்தொடரவில்லை, யாரும் பார்க்கவில்லை என்றான். இரண்டாம் மாடியில் யார் நின்றாலும் லிஃப்ட் பெரும்பாலும் மேலேயிருந்துதான் வரும். அந்த அம்மா கண்டது நிஜம். அதற்குச் சொன்ன காரணம் மட்டும் தப்பு.

ஃபோர்மேன் கோடுகளைப் பார்த்தார். ஒப்புக்கொள்ளவில்லை. மேலே, இல்லை கீழே, இரண்டில் ஒன்றுதானே சார், பாதிக்குப் பாதிதான் என்றார். மெழுகு வேலை பார்க்கும் பெண் மட்டும் தலையைத் திருப்பினாள்.

"அப்போ பதினோராவது மாடியில நிக்கிறவங்களுக்கு எப்பவும் கீழேயிருந்துதான் வருமா?"

"ஆமா."

"அவங்க யாரும் பயந்ததில்லையே."

"அவங்களுக்கு மேல வானம்தானேம்மா. பயப்படணும்னா கடவுளைப் பார்த்துத்தான் பயப்படணும்" என்றார் மாமனார்.

அந்தப் பெண் சிரித்தாள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. நிறக்காரம்மாவுக்கு இங்கே 'மேல்மாடி' என்று ஒரு பட்டப்பெயர் இருந்ததை, தான் வைத்ததில்லை என்ற முன்குறிப்போடு சொன்னார். தினம் புலி வருது, புலி வருது என்றால் யார்தான் காது கொடுப்பார்கள்.

மாப்பிள்ளை காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். மகளிடம் போய்ச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. உன் அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை, யார் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும், அது வெறும் கணக்கு. திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. அவள் கடைசியாகப் பேசியதாக ஃபோர்மேன் சொன்ன அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. சாகிறவர்கள் அவ்வளவு பொருத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

படியில் பாதி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம். மெழுகுப் பெண்.

"சார், நீங்க போட்ட அதே படத்தை அக்காவும் எங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. அந்த வாரம்தான். அதே பன்னிரண்டு கோடு."

மாப்பிள்ளை நின்றுவிட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். கேட்டதற்கு அக்கா சிரித்தாள், சொல்லவில்லை என்றாள் அவள்.

"பயம் போயிடுச்சு சார் அவங்களுக்கு. அந்த வாரம் முழுக்க ஒரே குஷி. ஒரு நாள் கீழேயிருந்தும் வந்துதானே ஆகணும், அன்னைக்கு உங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறேன்னாங்க. இதை ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். போலீஸ்கிட்ட அவர்தான் பேசினார். எங்களை யாரும் கேக்கல."

அவள் மேலே ஓடிவிட்டாள். மாப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்தான். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதை. அவன் கண்டுபிடித்ததாக நினைத்ததை அவள் முன்பே தெரிந்துகொண்டிருந்தாள். பயம் தெளிந்தவள், தெளிந்த வாரத்திலேயே 'இனிமே என்னால முடியாது' என்றாளா?

மாமனார் ஒரு படி மேலே உட்கார்ந்தார்.

"கணக்கு உதைக்குதா?"

"கணக்கு சரி மாமா. ஆள்தான் உதைக்குது."

மாமனார் தன் பாட்டுக்கு ஆரம்பித்தார். அவர் சர்வீஸ் முழுக்க, உங்கள் பஸ்ஸில் எப்போதும் கூட்டம் என்று சொல்லாத பாசஞ்சர் கிடையாது. ஆனால் பாதி ட்ரிப் காலியாகத்தான் ஓடும். கூட்டமான பஸ்ஸில் எண்பது பேர் இருப்பான், எண்பது பேரும் ஊரெல்லாம் சொல்வான். காலி பஸ்ஸில் யார் இருக்கிறான், போய்ச் சொல்ல?

"காலி வண்டிக்கு சாட்சி கிடையாது மாப்பிள்ளை. டிரைவரும் நானும்தான். எங்களை எவன் கேட்டான்?"

மாப்பிள்ளை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான்.

"இங்க காலி வண்டிக்கு ஒரு சாட்சி இருக்கு மாமா."

"யாரு?"

"வாட்ச்மேன். அவன் முட்டி."

அன்று மதியத்திலிருந்தே லிஃப்ட் பதினோராவது மாடியில் கதவு திறந்து நின்றது. அவள் விழுந்த பிறகும் அங்கேயேதான் நின்றது. அசையவே இல்லை. அசையாத லிஃப்ட் எப்படி மேலேயிருந்து வரும்? வராததை எப்படிக் கண்ணாடியில் பார்த்து, 'மறுபடியும் மேலேயிருந்துதான் வருது' என்று ஒருத்தி சொல்வாள்?

மாமனார் விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்தார். சத்தம் வரவில்லை.

"மத்த எல்லா நாளும் நிஜமா இருக்கிற ஒரு பொய்."

"அதான் எல்லாரும் நம்பிட்டாங்க. நானும்."

*

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டபடி வாட்ச்மேன் லிஃப்டை மேலே அனுப்பி நிறுத்திவிட்டு, முக்கோணச் சாவியால் கீழ்க்கதவைத் திறந்தான். குழி இடுப்பளவு ஆழம். எண்ணெய்க் கசடு, நசுங்கிய பாட்டில், பல வருஷத்துக் குப்பை. ஒரு பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. நகைக்கடன் கடையின் இரும்பு அறையை ஒட்டிய சுவரின் பக்கம்.

மாமனார் குனிந்து பார்த்தார். சுவர் சிமென்ட் நிறம். நடுவில் ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் வெளிர் மஞ்சள், வழவழவென்று. விரலால் தட்டினார்.

"இந்த நிறத்தை இப்பத்தானே அலமாரி பூரா பார்த்துட்டு வந்தோம். தாடை வார்க்கிற மாவு. மாப்பிள்ளை, இவன் சுவருக்குப் பல் அடைச்சிருக்கான்."

சிமென்ட் காய ஒரு நாள் ஆகும். அந்த மாவு கை கழுவி வருவதற்குள் கல்லாகிவிடும். அவசரமாக ஓட்டையை மூடியவன் தன் கைக்குப் பழகியதை எடுத்திருக்கிறான். மாப்பிள்ளை ஒரு விளிம்பைப் பெயர்த்தான். அந்தப் பக்கம் செங்கல் பாதி ஆழத்துக்குக் குடையப்பட்டிருந்தது.

வாட்ச்மேன் போலீஸுக்குப் போன் செய்யட்டும் என்று விட்டுவிட்டு, இருவரும் மறுபடி இரண்டாம் மாடி ஏறினார்கள். மாப்பிள்ளை மஞ்சள் துண்டை மேஜையில் ஒரு தாடை அச்சின் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்றாக இருந்தன. நிறம் பார்க்கத் தனியாக ஆள் தேவைப்படவில்லை.

"குழியில இருக்கிறவன் தலைமேல லிஃப்ட் வந்துடக் கூடாது. அதனால மேலே கொண்டுபோய் நிறுத்தி, கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு நடந்து இறங்குனீங்க. சரியா?"

ஃபோர்மேன் மேஜைமேல் உதிர்ந்த மாவைக் கையால் கூட்டினார்.

"அப்போ அன்னைக்கு மேலேயிருந்து வந்தது எது?"

அவர் அந்தத் துண்டை அச்சிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு, ஏதோ நியாயம் கேட்பவர் போல நிமிர்ந்தார்.

"தினமும் அதைத்தானே சார் சொல்வாங்க."

மெழுகுப் பெண் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

மீதியைத் தானாகவே சொன்னார். மதியமே கதவைத் திறந்து வைத்தால், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று எல்லாரும் படியில் போய்விடுவார்கள். மூட்டை வந்து இடிபடும் கட்டடம், லிஃப்ட் கோளாறு புதிதில்லை. நகைக்கடன் கடையின் இரும்பு அறைக்குள் போகச் சுவரைக் குடையும் சுத்தியல் சத்தத்தைத் தெருவின் இரைச்சல் மூடிவிடும். அன்று எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார். ஒரு பல்லின் நிறம் சரியாக வரவில்லை என்று நிறக்காரம்மா தங்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

"நான் தள்ளல சார். மேல பேச்சுக் குரல் கேட்டுச்சு. கையில டார்ச் இருந்துச்சு, நிமிர்ந்து பார்த்தேன். கதவு திறந்துச்சு. அவ்வளவுதான்."

"குதிச்சாங்களா, கால் வெச்சாங்களா?"

"தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அது பொய்யில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அதுதான் சங்கடம். மகள் கேட்ட ஒரே கேள்விக்கு அந்த ஆளிடம் பதில் இல்லை.

போலீஸ் வந்து அவரை அழைத்துக்கொண்டு போன பிறகு, யாரும் சொல்லாமலே மாமனார் கீழே போனார். மாப்பிள்ளை கயிற்றுக்கு இந்தப் பக்கம், இரண்டாம் மாடிக் கதவின் முன் நின்றான். கண்ணாடி இருட்டாக இருந்தது. கீழே குழியில் மாமனார் டார்ச்சை மெல்ல உயர்த்தினார்.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு வெளிச்சம் அரும்பியது. ஏறியது. நிறைந்தது.

மாப்பிள்ளையின் கை தானாகவே கதவுப் பிடிக்குப் போயிருந்தது. அதைத் திரும்ப எடுக்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

*

பஸ்ஸில் மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கூட்டம் இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பு மட்டும் கேட்டார்.

"அந்தப் படம், பன்னிரண்டு கோடு. யார் போட்டுக் கொடுத்தது தெரியுதா மாப்பிள்ளை?"

"தெரியுது."

"கேட்டுத்தான் ஆகணுமா?"

முதல் வருஷம், கணக்குப் பாடம். கேட்காமல் விட்டால் அம்மா தன்னை விட்டுவிட்டுப் போனாளா என்ற கேள்வியோடு அவள் ஆயுள் முழுக்க இருப்பாள். கேட்டால் அந்தக் கேள்வி போய்விடும். அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்.

ஒற்றை அறையும் சமையலறையுமான வீடு. மகள் பாடப் புத்தகங்களை ஒதுக்கி உட்கார இடம் செய்தாள். மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னான். குழி, சுவர், மாவு, ஃபோர்மேன் சொன்ன பொய். அவள் அழவில்லை. கடைசியில் அதே கேள்விக்கு வந்தாள்.

"அப்போ அம்மா..."

"அதை அந்த ஆளால சொல்ல முடியல. உன்னாலதான்மா முடியும். போன்ல கடைசியா என்ன சொன்னாங்க?"

"அதான் சொன்னேனே சார். லிஃப்ட் பத்தி. வழக்கம்போல."

"வழக்கம்போலன்னா?"

அவளுக்குக் கோபம் வந்தது. தினமும் அதே நேரம், அதே பேச்சு, ஒன்றரை வருஷம் கேட்டிருக்கிறாள். அன்று மறுநாள் பரீட்சை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே உம் கொட்டினாள். லைன் கட்டானது. லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது, எப்போதும் கட்டாகும். நிம்மதி என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனாள். இதைத்தான் சார் உங்களிடமும் போலீஸிடமும் சொல்லவில்லை என்றாள்.

மாப்பிள்ளை அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"என் சம்சாரத்தை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது என்கிட்ட ஒண்ணு கேட்டா. 'கேஸை மூடினீங்களா?' அதுதான் கடைசி. கடைசின்னு தெரிஞ்சு யாரும் பேசறதில்லம்மா. அந்த ஆள் சொன்னது அவ்வளவு ஒழுங்கா இருந்ததாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. உங்க அம்மாவும் தினம் பேசறதைத்தான் பேசியிருப்பாங்க. அது வார்த்தை மாதிரியே உனக்குத் தோணியிருக்காது. மெதுவா யோசி."

மாமனார் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார்.

அவள் மேஜையைப் பார்த்தாள். போன் வைத்திருந்த இடத்தை, நோட்டு இருந்த இடத்தை. விரல் தானாகவே மேஜைமேல் ஒரு கோடு போட்டது. அதன் மேல் இன்னொன்று.

"நான்தான் அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினேன்" என்றாள். "ஒரு நாள் கீழேயிருந்தும் வரும், அன்னைக்கு உனக்கே புரியும்னு சொன்னேன்."

மாப்பிள்ளை தலையசைத்தான்.

விரல் நின்றது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. நிம்மதியா, அதன் மறுபக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உதடுகள் முதலில் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு, தன் குரலில் இல்லாமல் அம்மாவின் குரலில், அவசரமும் சந்தோஷமுமாகச் சொன்னாள்.

"'கண்ணு, நீ சொன்ன மாதிரியே இன்னைக்குக் கீழேயிருந்து வருது. இரு, இறங்கிட்டுக் கூப்பிடறேன்.'"